வெர்லா தூங்கும் கவுண்டி

ஏப்ரல் மாதத்தில் ஒரு எல்லைக்கோடு வெர்லா குச்செராவின் வீட்டுக்குள் புகுந்தது. அதுவரை அது வீட்டுக்கு மேற்கே, மாட்டுக் கொட்டகையையும் தாண்டி, கம்பி வேலியோரமாகத் தன்பாட்டுக்குக் கிடந்த கோடு. கோட்டுக்குக் கிழக்கே ஹாஸ்கெட் என்ற சின்ன மாவட்டம், அந்த ஊர்ச் சொல்லில் கவுண்டி; மேற்கே புரூயிட் கவுண்டி. அந்தக் காலத்தில் அதை அளந்த ஆள் வண்டிச் சக்கரத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிவிட்டு, அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே புல்வெளியைக் கடந்தாராம். நடுவில் கண்ணயர்ந்துவிட்டார் என்பது ஹாஸ்கெட்காரர்கள் கட்சி. மூக்குமுட்டக் குடித்திருந்தார் என்பது புரூயிட்காரர்கள் கட்சி. எது எப்படியோ, மாநில அரசு இப்போது செயற்கைக்கோளை வைத்து மறுபடி அளந்ததில் கோடு கிழக்கே நகர்ந்தது. வெர்லாவின் சமையலறையையும் படுக்கையறையையும் புரூயிட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, முன்னறையையும் வாசல் வராந்தாவையும் மட்டும் ஹாஸ்கெட்டுக்கு விட்டுவைத்தது.

வேறு யார் வீடாக இருந்தாலும் காபிக்கடையில் ஒரு வாரம் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். வெர்லா ஹாஸ்கெட் கவுண்டி போர்டின் மூன்று மெம்பர்களில் ஒருத்தி. எந்தச் சாலைக்குச் சரளை, எந்தப் பாலத்துக்குப் புது மரம், பனி விழுந்தால் யார் வீட்டுப் பாதையை முதலில் வழிப்பது என்று அந்த மூன்று பேர்தான் முடிவு செய்வார்கள். அந்த மூன்று பேரில் வெர்லாதான் முடிவு செய்வாள் என்று மற்ற இருவருமே ஒப்புக்கொள்வார்கள். அறுபது வயதைத் தாண்டியும் தானே கன்றுகளுக்குச் சூடு போடுகிறவள். அவள் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவதா, பின்வாசல் வழியாக நழுவுவதா என்று ஒரு கணம் யோசிப்பார்கள்.

வரப்போகும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் போர்டின் முன்னால் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. ஹாஸ்கெட் கவுண்டியைப் புரூயிட்டோடு இணைத்துவிடுவதா? இணைத்தால் டோலன் ஊரின் நடுவே நிற்கும் கோர்ட்டுக் கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். கல்யாணம் பதிய, வண்டிக்கு நம்பர் வாங்க, நிலத்தகராறுக்கு, செத்தவருக்குச் சான்றிதழ் எடுக்க, எல்லாவற்றுக்கும் ஆற்றைச் சுற்றிக்கொண்டு புரூயிட் கோர்ட்டுக்கு அரைநாள் வண்டி ஓட்ட வேண்டும். ஜனவரிப் பனியில் அதையும் ஓட்ட முடியாது. இணைக்கலாம் என்றான் இன்னொரு மெம்பரான கேலன் ஸ்ட்ராட். அவன் என்ன சொன்னாலும் ஆமாம் போடுவார் கிழவர் லைல். மொத்தம் மூன்று பேர், அதில் இரண்டு கை ஏற்கெனவே தூக்கிக் காத்திருந்தது. ஆனால் இணைப்பு என்றால் போர்டில் இருக்கிற எல்லாரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. வெர்லா அந்த நாற்காலியில் இருக்கிறவரை அது நடக்காது.

அவளை அந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டால் நடக்கும். மிச்சமிருக்கும் இரண்டு பேரும் ஒருமனது.

கேலன் கெட்டவனில்லை. அவன் பண்ணை தெற்கு மூலையில், புரூயிட்டின் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. டோலனுக்கு வருவதுதான் அவனுக்குத் தொலைவு. கோர்ட்டுக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் அவனே வந்து வெர்லாவை நிறுத்தினான்.

"வெர்லா, நேர்ல சொல்லிடறதுதான் மரியாதை. உன் பதவி செல்லாதுன்னு மனு போட்டிருக்கேன்."

"மேப் வந்து மை காயல, அதுக்குள்ளயா? இந்த வேகத்தை வயல்ல காட்டியிருந்தா போன வருஷம் உன் சோளம் பனிக்கு முன்னாடி வீடு வந்து சேர்ந்திருக்கும்."

"கிண்டலெல்லாம் அப்புறம் பண்ணு. வீடு ரெண்டு கவுண்டியில இருந்தா, ஆளு எங்க தூங்குறாங்களோ அதுதான் அவங்க கவுண்டி. எப்பவோ தீர்ப்பு ஆன விஷயம். உன் பெட்ரூம் புரூயிட்ல கிடக்கு. புரூயிட்காரி ஹாஸ்கெட் போர்டுல உக்கார முடியாது."

"நான் எங்க தூங்குறேன்னு உனக்கு எதுக்குடா கவலை? இதை உன் பெண்டாட்டிகிட்ட சொல்லட்டுமா?"

அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாக்கள் சிரித்துவிட்டார்கள். கேலனின் காது இரண்டும் சிவந்தன. வெர்லா தலையை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கிப் போய், தன் பிக்கப் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள், ஆனால் வண்டியைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஏனென்றால் அவள் படுக்கையறையில் தூங்குவதே இல்லை.

இரண்டு பனிக்காலத்துக்கு முன்னால் அவள் கணவன் மைலோ மாடுகளுக்கு வைக்கோல் போடப் போனான். கேட்டருகில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று வெர்லா முன்னறையில் அவனுடைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள், அப்படியே தூங்கிப்போனாள். மறுநாளும் அங்கேதான். ஒவ்வொரு நாள் சாயங்காலமும், நாளைக்குக் கட்டிலுக்குப் போய்விடலாம் என்று சொல்லிக்கொள்வாள். வாரம் தவறாமல் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவாள், தலையணையைத் தட்டி வைப்பாள். ஆனால் அந்த அகலமான கட்டிலில் தனியாக ஏறிப் படுக்க அவளால் முடியவில்லை. முரட்டுக் காளையைக் கயிற்றில் பிடிப்பவளுக்கு அந்தப் பாதிக் கட்டிலின் வெறுமையைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாவு வீட்டுக்கு வந்த பெண்கள், "தூக்கம் வருதா வெர்லா?" என்று கேட்டபோது, "அடிச்சுப் போட்டாப்ல தூங்குறேன்" என்றவள். இப்போது கோர்ட்டில் எழுந்து நின்று, புருஷன் நாற்காலியில் சுருண்டு கிடக்கிறேன் என்று ஊருக்கு முன்னால் சொல்வதா? அந்த நாற்காலி ஹாஸ்கெட்டில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் பதவி நிலைக்கும், கட்டடமும் நிலைக்கும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், அதைச் சொல்லாமல் மேப் தப்பு என்று வாதாடிப் பார்க்கலாம் என்று தீர்மானித்தாள்.

ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, நீதிபதி மேரியன் ஸ்பாங்லர் அம்மா வந்தார். ஐந்தாறு கவுண்டிகளுக்கு அவர் ஒருவர்தான் நீதிபதி. காரின் பின்சீட்டில் கறுப்பு அங்கியும் மழைக்காலப் பூட்ஸும் கிடக்கும். டோலனின் ஒரே வக்கீல்தான் கவுண்டிக்கும் வக்கீல் என்பதால் அவர் எந்தப் பக்கமும் பேச முடியாமல் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். கேலன் தனக்காகப் பேசினான், வெர்லா தனக்காக. சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு, சர்வேயைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"அளந்தது மாநிலம்" என்றார் நீதிபதி. "அதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. உங்க கட்டில் எங்க இருக்கு?"

"பின்னறையில."

"அந்தப் பின்னறை புது மேப்படி புரூயிட்லயா?"

"மேப் அப்படித்தான் சொல்லுது."

அதில் தூங்குகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கட்டில் வைத்திருப்பவர்கள் கட்டிலில்தான் தூங்குவார்கள். கேலன் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான். வெர்லா வாயைத் திறந்தாள், பெஞ்சுகள் நிறைய உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

"மேப்பைப் பார்த்து ஒருத்தர் பதவியைப் பறிக்க மாட்டேன். வீட்டையும் ஒரு தடவை பார்த்துடறேன்" என்றார் நீதிபதி. "சாப்பாட்டுக்கு அப்புறம் அங்க போவோம்."

எல்லாரும் எதிர்க் கடைக்குச் சாப்பிடப் போனார்கள். செவ்வாய் என்றால் பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்டுக் காரமாகக் காய்ச்சிய சில்லியும், அதற்குத் தொட்டுக்கொள்ளப் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிக்கும் ஜோடி, டோலனில் அது இல்லாமல் செவ்வாய் விடியாது. வெர்லா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். சாலைப் பணியாளர்கள் வழக்கமாக உட்காரும் மேஜை காலியாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அந்தப் பணியாளர்களின் மேஸ்திரி டுவேன் பெல்ஸ், மைலோவின் ஒன்றுவிட்ட தம்பி. சாலையைச் சமன் செய்யும் கிரேடரை ஓட்டினால் தண்ணீர்க் குவளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுவான், ஒரு சொட்டுச் சிந்தாது. அந்தப் பொறுமை வேறு எதிலும் அவனுக்குக் கிடையாது. கோர்ட்டில் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன், கட்டில்தானே பிரச்சினை என்று முடிவு கட்டினான். இரண்டு ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு நேராக வெர்லாவின் வீட்டுக்கு விட்டான். அந்தப் பக்கத்தில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. பூட்டினால்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

மத்தியானம் வெர்லாவின் வீட்டுமுன் வயல் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்க, பாதி கவுண்டி வந்து நின்றது. சங்கடம் வந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் ஹாஸ்கெட்டில் கிடையாது. மூடிபோட்ட பாத்திரங்களும், பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டித் தட்டுகளும் வராந்தா பெஞ்சில் வரிசை கட்டின. கேலனின் மனைவிகூட பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். பாத்திரம் தவறாமல் திரும்பி வர வேண்டும் என்று அடியில் பெயர் எழுதி ஒட்டியும் இருந்தாள். பதவியைப் பறிக்க வந்தவன் அந்தப் பாத்திரத்தைத் துணியில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

வெர்லா கதவைத் திறந்து நீதிபதியை உள்ளே விட்டாள். உள்ளே அடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முன்னறையின் நடுவே அவளுடைய ஓக் மரக் கட்டில் குறுக்கே கிடந்தது. டிவி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல், தலையணைகள் இரண்டும் அருமையாக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. சர்வேயர் காலையில் தரையில் ஒட்டிவிட்டுப் போன ஆரஞ்சு நாடா பின்னறை வாசலை ஒட்டிக் குறுக்கே ஓடியது. கட்டில் முழுக்க முழுக்க ஹாஸ்கெட்டில்.

"காலையில பின்னறைன்னு சத்தியம் பண்ணிச் சொன்னீங்க" என்றார் நீதிபதி. குரலில் கடுமை ஏறியிருந்தது.

"பாருங்க ஜட்ஜம்மா!" கேலன் பாத்திரத்தோடு உள்ளே வந்துவிட்டான். "கோர்ட்டையே ஏமாத்தப் பார்க்குறா!"

வெர்லா திரும்பவில்லை. வாசல் பக்கம் பார்க்காமலேயே ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"டுவேன்."

கூட்டம் விலகி அவனை முன்னால் தள்ளிவிட்டது. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"வழக்குல இருக்கிற பொருளை நகர்த்தினா உள்ள தள்ளுவாங்க, தெரியுமா?" என்றார் நீதிபதி.

"கட்டில்தான் வழக்குன்னு எனக்குத் தெரியாதுங்க ஜட்ஜம்மா. கோடு எந்தப் பக்கம்னுதானே வழக்கு? கோட்டை நகர்த்த முடியல. அதான் கட்டிலை நகர்த்தினோம்."

வராந்தாவில் சிரிப்புக் கிளம்பியது. நீதிபதி திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. வெர்லாவின் கண் கட்டிலின் மேல் இல்லை. ஜன்னலோரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"நாற்காலி எங்கடா?"

"எது? மைலோவோட அந்தப் பழைய சாய்வு நாற்காலியா? இடம் பத்தல. தூக்கிப் பின்னறையில போட்டோம்." டுவேனுக்கு அவள் முகம் ஏன் அப்படி ஆனது என்று புரியவில்லை. "ஏன், அது எங்க இருந்தா என்ன?"

புரூயிட்டில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான். அவளைக் காப்பாற்ற வந்தவன் அவள் உண்மையாகத் தூங்கும் ஒரே இடத்தைத் தூக்கி அடுத்த கவுண்டியில் போட்டிருக்கிறான். அழுவதா சிரிப்பதா என்று வெர்லாவுக்குத் தெரியவில்லை.

"கட்டிலை யார் நகர்த்தினாலும் சரி" என்றார் நீதிபதி. "அது காலையில புரூயிட்ல இருந்தது. அதனால—"

இன்னும் ஒரு வாக்கியம். அதோடு பதவி போச்சு, கட்டடம் போச்சு. ஜன்னல் வழியாக வாசலில் நின்ற முகங்கள் தெரிந்தன. ஜனவரிப் பனியில் ஆற்றைச் சுற்றி வண்டி ஓட்டப் போகிற முகங்கள். அவள் வீறாப்புக்கு இவ்வளவு பேர் விலை கொடுப்பதா? தன்மேலேயே வெர்லாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்குப் பேச்சும் வரும்.

"நான் அந்தக் கட்டில்ல தூங்கறதில்ல" என்றாள், வராந்தா வரைக்கும் கேட்கும்படி. "மைலோ போனதுலருந்து ஒரு நாள்கூட அதுல படுத்ததில்ல. அவன் நாற்காலியிலதான் தூங்குறேன். அது இதோ இங்க, இந்த ஜன்னலோரம் இருந்தது. இந்தப் புத்திசாலி அதைத் தூக்குற வரைக்கும்."

நீதிபதி ஜன்னலருகே போனார். ஜன்னல் திண்டின்மேல் அலாரம் கடிகாரம், மூக்குக்கண்ணாடி, இருமல் மாத்திரை டப்பா, ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை. தரை விரிப்பில் கட்டிலுக்கடியில் நாற்காலி அழுந்தி அழுந்தி விழுந்த பள்ளம். அவர் முட்டிபோட்டு அதைக் கையால் தடவிப் பார்த்தார். பின்னறைக்குப் போய் நாற்காலியையும் பார்த்துவிட்டு வந்தார். அதன் கைப்பிடியில் மடித்த போர்வை அப்படியே தொங்கியது.

டுவேன் தொப்பியை முகத்துக்குக் கொண்டுபோனான். "எனக்குத் தெரியாதே வெர்லா. சத்தியமா எனக்குத் தெரியாதே."

"எப்படித் தெரியும்? நான் சொல்லலியே."

கேலன் பாத்திரத்தை மெல்லக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தான். இந்த முறை அவன் குரலில் சண்டை இல்லை, ஆனால் விடவும் இல்லை.

"ஜட்ஜம்மா, தப்பா நெனைக்காதீங்க. மனசு சரியில்லாதப்ப யாருமே நாற்காலியில படுப்பாங்க. அது வீடு ஆயிடுமா? ஆளு எங்க திரும்பிப் போகணும்னு நெனைக்கிறாங்களோ அதுதானே சட்டப்படி வீடு? மனசு ஆறினதும் அவ கட்டிலுக்குத்தான் போவா."

"கேள்வி சரியான கேள்விதான்" என்றார் நீதிபதி. அவருக்கே அதைக் கேட்கப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. "வெர்லா, காலையில பண்ணின சத்தியம் இப்பவும் இருக்கு. நாற்காலி தற்காலிகம்னா, உங்க வீடு அந்தப் பின்னறைதான். கேட்கிறேன். அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போற எண்ணம் உங்களுக்கு இருக்கா?"

பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை வெர்லா. மாட்டுச் சந்தையில் அவள் சொல்லாத பொய்யா? ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்ன என்று அவளுக்கே தெரியாது. நாளைக்குப் போய்விடலாம் என்று இத்தனை நாள் அவள் சொன்னது உண்மை. ஒரு நாளும் போகவில்லை என்பதும் உண்மை. நாளைக்கு என்று சொல்லிக்கொள்கிறவரை கட்டில் அங்கே காத்திருக்கும், விரிப்பு மாற்றலாம், எதுவும் முடிந்துபோகவில்லை என்று இருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டால் மைலோ நிஜமாகவே செத்துப்போய்விடுவான்.

அவள் இரண்டு தலையணைகளையும் பார்த்தாள். டுவேன் எவ்வளவு அழகாக அடுக்கிவைத்திருக்கிறான், முட்டாள்.

"இல்ல" என்றாள்.

"இல்ல, ஜட்ஜம்மா. போகலாம் போகலாம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். போக மாட்டேன். அவன் இல்லாம அதுல எனக்கு வேலை இல்ல. நான் இருக்கிற இடம் இந்த ஜன்னலோரம்தான். சாகுற வரைக்கும் இதுதான்."

கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. குரல் மட்டும் போர்டு கூட்டத்தில் ஒலிக்கும் அதே குரல்.

"அப்ப வெர்லா குச்செரா ஹாஸ்கெட்ல குடியிருக்கிறவங்க" என்றார் நீதிபதி. "மனு தள்ளுபடி. நாற்காலியை இருந்த இடத்துல கொண்டுவந்து போடுங்க. நகர்த்தினவங்களே."

வராந்தாவில் யாரோ விசில் அடித்தார்கள். வியாழக்கிழமை ஓட்டு எப்படிப் போகும் என்று அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமில்லை. கேலன் தொப்பியைக் கழற்றிவிட்டு வெர்லாவிடம் வந்தான். "எனக்கு மைலோவை ரொம்பப் பிடிக்கும்" என்றான். "தெரியும்" என்றாள் வெர்லா. "வியாழக்கிழமை சீக்கிரம் வா. தோக்கிறவன் லேட்டா வந்தா நல்லா இருக்காது."

டுவேனும் ஆட்களும் கட்டிலை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியைத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்தார்கள். அது பள்ளத்தில் சரியாக உட்காரும்வரை அங்குமிங்கும் தள்ளினார்கள். பிறகு கட்டிலின் இரண்டு பக்கமும் போய்க் குனிந்தார்கள்.

"இதையும் பின்னறையில பழையபடி போட்டுடறோம் வெர்லா. இருந்தது தெரியாது."

"வேண்டாம்." அவள் விரிப்பை உருவி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "உன் பொண்ணுக்கு ஜூன்லதானே கல்யாணம்? அவளுக்குக் கொடு."

டுவேன் நிமிர்ந்தான். "வெர்லா, அது உங்க..."

"நல்லா வாழ்ந்த கட்டில்டா. ரெண்டு பேர் படுக்கிற கட்டில். காலியா கிடக்கக் கூடாது."

அவன் வாய் கோணியது. தலையை ஆட்டிவிட்டு, ஆட்களுக்குச் சைகை காட்டினான். மூன்று பேருமாகக் கட்டிலைத் தூக்கி, வராந்தாவைத் தாண்டி, சாலைத் துறையின் மஞ்சள் லாரியை நோக்கி நடந்தார்கள். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். வெர்லா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டிலின் தலைமாடு லாரியில் ஏறப்போகிற நேரத்தில் கத்தினாள்.

"டுவேன்! எறக்குடா கீழ! அது கவுண்டி லாரி, கவுண்டி டீசல். போய் உன் சொந்த வண்டியைக் கொண்டு வா!"